கண்ணாடி லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? கடையில் எழும் கேள்விகளுக்குப் பதில்கள்

கண் பரிசோதனை முடிந்து, சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனால் அங்கே இன்னொரு பரீட்சை. “1.56 போடலாமா, 1.67 போடலாமா? ப்ளூ கட் வேணுமா? பாலியா, சாதா ஃபைபரா?” விலை 400 ரூபாயிலிருந்து 20,000 வரை நீள்கிறது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று புரியாமலே பலர் நடுவில் ஒன்றைக் காட்டி “இது போதும்” என்கிறார்கள். ஃபிட்டிங் மேசையில் பல வருடம் உட்கார்ந்து லென்ஸ் வெட்டியவன் நான். அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். லென்ஸின் தரம் முதலில் சரியான பவரிலும் சரியான மையத்திலும் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது என் எண்ணம். 

சீட்டில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

ஓர் உதாரணம். வலது கண்: −2.25 / −0.75 × 170. இடது கண்: −2.00. கீழே ஆட் +1.50.

முதல் எண் ஸ்ஃபியர், அதாவது அடிப்படை பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை: பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். ப்ளஸ் என்றால் தூரப்பார்வை. இரண்டாவது எண் சிலிண்டர். மூன்றாவது அந்த சிலிண்டரை லென்ஸில் எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று சொல்லும் ஆக்ஸிஸ். 1 முதல் 180 டிகிரிக்குள் இருக்கும். ஆட் என்பது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாசிப்பதற்காகக் கூடுதலாகச் சேர்க்கும் ப்ளஸ் பவர். வெள்ளெழுத்து, சாளேசுவரம் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். சில சீட்டுகளில் ஓடி, ஓஎஸ் என்று இருக்கும். ஓடி வலது கண், ஓஎஸ் இடது கண்.

சீட்டைக் கையில் வாங்கியதும் ப்ளஸ், மைனஸ் குறிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குறி இல்லாத 2.00 எதற்கும் உதவாது. +2.00க்கும் −2.00க்கும் இடையே 4 டயாப்டர் வித்தியாசம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே கேளுங்கள், கடைக்காரரை ஊகிக்க விடாதீர்கள்.

டயாப்டர் என்றால் என்ன?

லென்ஸ் ஒளியை எவ்வளவு மடக்குகிறது என்பதன் அளவு. 1 மீட்டரில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் 1 டயாப்டர். அரை மீட்டரில் குவித்தால் 2, கால் மீட்டரில் குவித்தால் 4. ஃபெர்டினாண்ட் மோனுவாயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் 1872ல் முன்வைத்த அளவு இது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். +2.00 வாசிப்புக் கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே பிடியுங்கள். மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், சுவரிலிருந்து சுமார் 50 செ.மீ. தூரத்தில் வரும்போது வெளியே இருக்கும் மரமும் எதிர்வீடும் தலைகீழாக, சின்னதாக, கூர்மையாகச் சுவரில் விழும். 1ஐ மீட்டரில் அளந்த அந்தத் தூரத்தால் வகுத்தால் பவர் கிடைத்துவிடும். சூரியனை நேராகக் குவித்து மட்டும் விளையாட வேண்டாம்.

மைனஸ் பவர்காரர்களுக்கு இன்னும் சுலபம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாளை முகத்தருகே வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் இடம் 50 செ.மீ. என்றால் உங்கள் பவர் ஏறக்குறைய −2.00, 25 செ.மீ. என்றால் −4.00. சிலிண்டர் இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளும்.

6/6 என்பதும் பவரும் ஒன்றா?

இல்லை. 6/6 என்பது பார்வைக் கூர்மை. 6 மீட்டர் தூரத்தில் இயல்பான கண் படிக்கும் வரியை நீங்களும் அதே தூரத்தில் படிக்கிறீர்கள் என்று பொருள். 6/12 என்றால், இயல்பான கண் 12 மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்நெல்லன் 1862ல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்த முறை இது. அமெரிக்காவில் 20 அடியைக் கணக்கில் வைத்து 20/20 என்கிறார்கள்.

கண்ணாடி இல்லாமல் 6/60, கண்ணாடியோடு 6/6 என்று இருக்கலாம். அப்படியானால் பவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

சிலிண்டர் என்றால் பயப்பட வேண்டுமா?

வேண்டியதே இல்லை. கண்ணின் முன்பக்கக் கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவோடு பந்துபோல் இருந்தால் சிலிண்டர் தேவைப்படாது. கரண்டியின் முதுகுபோல் ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. எழுத்துக்கு நிழல் விழுந்ததுபோல் தெரியும். இரவில் விளக்குகள் கோடாக இழுபடும். இதைச் சிதறல் பார்வை என்பார்கள். கொஞ்சமாவது சிலிண்டர் இல்லாத கண்கள் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டியது ஆக்ஸிஸ். 170ல் வைக்க வேண்டியதை 160ல் வைத்துவிட்டால் பவர் சரியாக இருந்தும் பார்வை தெளியாது. சிலிண்டர் பெரிதாக ஆக இந்தப் பிசகு இன்னும் உறுத்தும். வட்ட பிரேமில் லென்ஸ் தானாகவே சுழன்றுவிட வாய்ப்பு உண்டு. திடீரென்று கண்ணாடி சரியில்லை என்று தோன்றினால் முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் பரிசோதித்தேன், இரண்டு சீட்டும் வேறு வேறாக இருக்கின்றன. யாரை நம்புவது?

ஒருவேளை இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். −1.00 / −0.50 × 180 என்பதும் −1.50 / +0.50 × 90 என்பதும் ஒரே லென்ஸ். எழுதும் முறைதான் வேறு. மாற்றும் கணக்கு இதுதான்: ஸ்ஃபியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புதிய ஸ்ஃபியர். சிலிண்டரின் குறியை மாற்றுங்கள். ஆக்ஸிஸை 90 டிகிரி திருப்புங்கள்.

அப்படி மாற்றிய பிறகும் 0.25 வித்தியாசம் வந்தால் அது சகஜம். பவர் 0.25 படிகளில்தான் அளக்கப்படுகிறது. களைத்த கண்ணுக்கும் காலைக் கண்ணுக்கும் பதில் கொஞ்சம் மாறும். 0.75, 1.00 என்று தள்ளினால் மூன்றாவது முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். அது நிலைப்பட்ட பிறகு பரிசோதித்து லென்ஸ் போடுங்கள். இல்லையென்றால் காசு வீண்.

1.50, 1.56, 1.60, 1.67, 1.74: எண் கூடினால் தரம் கூடுமா?

கடையில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இதுதான். இண்டெக்ஸ் என்பது அந்தப் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண், அவ்வளவுதான். கூடுதலாக வளைக்கும் பொருளில் அதே பவரை மெல்லிய லென்ஸாகச் செய்ய முடிகிறது. தெளிவு கூடுவதில்லை. சொல்லப்போனால் சில விஷயங்களில் குறைகிறது, அதைக் கீழே அபே எண்ணில் சொல்கிறேன்.

மெல்லியதாக்க இன்னொரு வழி இருக்கிறது, அதற்குக் கூடுதல் செலவே இல்லை: சின்ன பிரேம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

பிரேமின் காம்பு உட்புறம் 54, 18 என்று இரண்டு எண்கள் இருக்கும். 54 லென்ஸின் அகலம், 18 மூக்குப் பாலத்தின் அகலம், இரண்டும் மி.மீ.ல். கூட்டினால் 72. உங்கள் இரு கண்களின் பாப்பாக்களுக்கும் (கருவிழி நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) இடையே 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. வித்தியாசம். ஆகவே ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் மூக்குப் பக்கமாக 5 மி.மீ. நகர்த்தி வெட்ட வேண்டும். காதுப் பக்க ஓரம் மையத்திலிருந்து 27 + 5 = 32 மி.மீ. தள்ளிப் போய்விடும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். −6.00 பவருக்கு 1.50 பொருளில் அந்த ஓரம், நடுவை விட சுமார் 6.1 மி.மீ. கூடுதலாகத் தடித்திருக்கும்.

அதே ஆள் 48, 16 பிரேம் எடுக்கிறார். கூட்டினால் 64. மையம் 1 மி.மீ. நகர்ந்தால் போதும், ஓரம் 25 மி.மீ. தூரத்தில் நிற்கும். அதே −6.00, அதே சாதாரண 1.50 லென்ஸ், ஓரத்தில் கூடுதல் தடிமன் சுமார் 3.8 மி.மீ. மட்டுமே.

பெரிய பிரேமில் விலை கூடிய 1.67 போட்டால்? சுமார் 4.6 மி.மீ. அதாவது சின்ன பிரேமில் மலிவான லென்ஸ், பெரிய பிரேமில் விலையுயர்ந்த லென்ஸை விட மெலிவாக வருகிறது. சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்வார்களே என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது பிரேம் தட்டைத்தான், லென்ஸ் பட்டியலை இல்லை.

அப்படியானால் எனக்கு எது?

என் அபிப்பிராயம்: 2.00 வரை 1.50 தாராளமாகப் போதும். 4.00 வரை 1.56 அல்லது 1.60. அதற்கு மேல் 1.60, 1.67. 1.74 என்பது 8, 10 என்று போகிறவர்களுக்கு. அவர்களுக்கு அது உண்மையாகவே பெரிய ஆறுதல். −1.25க்கு 1.67 போடச் சொன்னால் “எதற்கு?” என்று தயங்காமல் கேளுங்கள். விளிம்பில்லாத, துளையிட்டு மாட்டும் பிரேம் என்றால் 1.50 வேண்டாம், துளையின் ஓரத்தில் விரிசல் விடும். 1.60, அல்லது பாலி (பாலிகார்பனேட்), ட்ரைவெக்ஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக் வகைகள் அங்கே நன்றாகத் தாங்கும்.

அபே எண் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. கடையில் யாரும் தானாகச் சொல்லாத எண் இது. ஒரு லென்ஸ் வெள்ளை ஒளியை எவ்வளவு குறைவாக நிறம் பிரிக்கிறது என்பதற்கான அளவு. அதிகமாக இருந்தால் நல்லது. ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்த எர்ன்ஸ்ட் அபே (1840–1905) பெயரால் வழங்குகிறது. சாதாரண கண்ணாடிக்கும் 1.50 பிளாஸ்டிக்குக்கும் ஏறக்குறைய 58. ட்ரைவெக்ஸ் 43 முதல் 45. 1.60 பொருளுக்குச் சுமார் 41. 1.67, 1.74 இரண்டும் 32ஐ ஒட்டி. பாலிகார்பனேட் 30.

லென்ஸின் நடுவழியாகப் பார்க்கும்போது இது தெரியாது. தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் டியூப்லைட்டைப் பாருங்கள். ஒரு விளிம்பில் நீலமும் எதிர் விளிம்பில் மஞ்சள் அல்லது சிவப்பும் மெல்லிய கோடாகத் தெரிந்தால் அதுதான் நிறப் பிரிவு. குறைந்த பவரில் யாரும் கவனிப்பதில்லை. 5.00க்கு மேல் பாலி போட்டவர்கள் சிலர் “ஓரத்தில் ஏதோ தெளிவில்லை” என்று திரும்பி வருவார்கள். பவரில் தவறே இருக்காது. அவர்களுக்கு 1.60க்கு மாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை தீரும்.

கண்ணாடி லென்ஸா, ஃபைபர் லென்ஸா?

கடையில் ஃபைபர் என்று சொல்வது நார் எதுவும் இல்லாத பிளாஸ்டிக். அதில் மூத்தது சிஆர்-39. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. கொலம்பியா ரெசின் வரிசையில் 39வது கலவை என்பதால் அந்தப் பெயர். போர் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளில் பயன்பட்டு, போருக்குப் பின் 1947 வாக்கில் மூக்குக் கண்ணாடிக்கு வந்தது. கண்ணாடியின் அடர்த்தி 2.5, இதற்கு 1.32. எடை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

கண்ணாடி லென்ஸில் கீறல் எளிதில் விழாது, தெளிவும் அருமை. ஆனால் உடைந்தால் சில்லாகிக் கண்ணுக்கே ஆபத்து. வண்டி ஓட்டுகிறவர்கள், பட்டறையில் வேலை செய்கிறவர்கள், குழந்தைகள் யாருக்கும் அதை நான் போட்டுத் தர மாட்டேன்.

குழந்தைகளுக்கு எது?

பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தலைக்கவசத்தின் முகத்திரை செய்யும் அதே வகைப் பொருள் பாலி. பந்து பட்டாலும் சில்லாகத் தெறிக்காது. எடையும் குறைவு: பாலியின் அடர்த்தி 1.20, ட்ரைவெக்ஸ் 1.11. புற ஊதாக் கதிரைப் பொருளே தடுத்துவிடும், தனியாகக் கோட்டிங் தேவையில்லை. அதன் குறை, எளிதில் கீறும். அதனால் கீறலைத் தாங்கும் ஹார்டு கோட் இல்லாத பாலியை வாங்காதீர்கள்.

ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ள பெரியவர்களுக்கும் இதே பதில்தான். இருக்கிற ஒரு கண்ணைக் காப்பாற்ற வேண்டும், பவர் இல்லாவிட்டாலும் பாலி லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏஆர் கோட்டிங் தேவையா?

தேவை. ஏஆர் என்பது எதிரொளியைக் குறைக்கும் பூச்சு. கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். 1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. முன்னும் பின்னும் சேர்த்து 8 சதவீதம். 1.67ல் இது 12 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே இண்டெக்ஸ் கூடக் கூட இந்தக் கோட்டிங் கட்டாயமாகிறது. ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அளவிலான மெல்லிய படலங்களால் எதிரொளியை எதிரொளியாலேயே அழிக்கும் உத்தி இது. 1935ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். அபே உழைத்த அதே யேனா.

இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு லென்ஸுக்குள்ளேயே இரண்டு மூன்றாகத் தெரிவது இதனால் குறையும். போட்டோவில் கண் தெரியும். கோட்டிங் இருக்கிறதா என்று பார்க்க, லென்ஸைச் சாய்த்து டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பச்சை, நீலம், ஊதா என்று மங்கிய நிறத்தில் தெரிந்தால் இருக்கிறது. பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை. எந்த நிறம் என்பதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

ப்ளூ கட் போட்டால் கண் வலி போகுமா?

ப்ளூ கட் என்பது நீல ஒளியில் ஒரு பங்கைத் தடுக்கும் லென்ஸ். கணினி, செல்போன் பார்த்து வரும் கண் களைப்புக்காக என்றால், அந்தச் செலவை நான் பரிந்துரைப்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 17 சோதனைகளை அலசியது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் ப்ளூ கட் லென்ஸ் குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் கணினிக்கென்று இந்த லென்ஸைப் பரிந்துரைப்பதில்லை.

கடையில் ஊதா நிற டார்ச் பேனாவை ஒரு அட்டை மேல் அடித்துக் காட்டுவார்கள். லென்ஸ் இல்லாதபோது அட்டையில் நிறம் வரும், லென்ஸை நடுவில் வைத்தால் வராது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அந்தப் பேனா 405 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை அனுப்புகிறது. லென்ஸ் அதைத் தடுக்கிறது, அது உண்மைதான். அதை வைத்து உங்கள் கண் வலி குறையும் என்று நிரூபிக்க முடியாது.

திரை பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்து கண் காய்கிறது. ஒரே தூரத்தில் பார்வை குத்திட்டு நிற்கிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். அப்புறம், நாற்பதைத் தாண்டியவரானால் வாசிப்பு பவர் சரியாக இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பல “கணினிக் கண் வலி” அங்கேதான் போய் நிற்கிறது.

பிடி என்றால் என்ன? ஏன் அளக்கிறார்கள்?

இரு பாப்பாக்களின் மையங்களுக்கு இடையேயான தூரம், மி.மீ.ல். பெரியவர்களில் பெரும்பாலும் 54 முதல் 74க்குள் இருக்கும். லென்ஸின் ஒளி மையம் பாப்பாவுக்கு நேராக உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் லென்ஸ் ஒரு பட்டகம்போல் நடந்துகொண்டு ஒளியைப் பக்கவாட்டில் இழுக்கும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க, தள்ளிய தூரத்தை செ.மீ.ல் எடுத்துப் பவரால் பெருக்குங்கள்.

என் அக்காவுக்கு நடந்தது இது. பவர் −6.00, வெளியூரில் ஒரு கடையில் புதுக் கண்ணாடி போட்டாள். இரண்டு வாரமாகத் தலைவலி, கண்ணுக்குள் இழுப்பு. “பவர் தப்பாப் போட்டுட்டாங்களோ” என்று என்னிடம் கொண்டுவந்தாள். லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தேன், பவர் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. இரு மையங்களிலும் மைப் புள்ளி வைத்து அளவுகோலால் அளந்தேன்: 66 மி.மீ. அக்காவின் பிடி 58. மொத்தம் 8 மி.மீ. தள்ளி. 0.8ஐ 6ஆல் பெருக்கினால் 4.8 பட்டக டயாப்டர். நாள் முழுக்க இரு கண்களும் வெளிப்பக்கமாக விலகி நின்றால்தான் ஒரே உருவம் தெரியும். வலிக்காமல் என்ன செய்யும்? அதே பவரை 58ல் வெட்டிப் போட்டதும் இரண்டு நாளில் சரியானது. −0.50 பவர்காரருக்கு இதே பிசகு நேர்ந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்.

பவர் பெரிதாக இருந்தால் பிடியை அளந்தார்களா என்று கேட்டு, அந்த எண்ணைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, மூக்கின் நடுவிலிருந்து அளந்தால் இன்னும் நல்லது. மேல்கீழாக மையம் ஏறி இறங்குவதைக் கண் இன்னும் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும்.

பைஃபோக்கலா, ப்ரோக்ரஸிவா?

பைஃபோக்கலில் மேலே தூரம், கீழே வாசிப்பு, நடுவே கோடு. இரண்டு பகுதியும் அகலமாக, தெளிவாக இருக்கும், விலை குறைவு. கை நீட்டும் தூரத்தில் இருக்கும் கணினித் திரைக்கு மட்டும் இரண்டுமே சரியாகப் பொருந்தாது. ப்ரோக்ரஸிவ் லென்ஸில் கோடு கிடையாது, மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும். 1959ல் பிரான்ஸில் பெர்னார் மேத்தனா உருவாக்கிய வேரிலக்ஸ்தான் சந்தையில் நிலைத்த முதல் ப்ரோக்ரஸிவ்.

இதில் யாரும் மறைக்கக் கூடாத ஓர் உண்மை: எந்த ப்ரோக்ரஸிவ் லென்ஸாக இருந்தாலும் கீழ்ப் பக்கவாட்டில் கலங்கல் இருக்கும். கோடில்லாமல் பவரை மாற்றுவதற்கு ஒளியியல் வாங்கும் விலை அது. விலை கூடிய வடிவமைப்புகள் அந்தக் கலங்கலை விலக்கி நடுப் பாதையை அகலமாக்குகின்றன, அடியோடு நீக்குவதில்லை. வாசிக்கும்போது தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள். பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்புங்கள். படி இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி மேற்பகுதி வழியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும்.

வாங்கிய ப்ரோக்ரஸிவ் உண்மையிலேயே சொன்ன லென்ஸ்தானா என்று பார்க்கலாம். லென்ஸ் மீது வாயால் மெல்ல ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். பனிபோல் படியும் ஆவியில், 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் தெரியும். காதுப் பக்கப் பொறிப்பின் கீழே ஆட் எண் இருக்கும். பொதுவாக மூக்குப் பக்கத்தில் தயாரிப்பாளரின் குறி. ஆட் +1.50 என்றால் அங்கே 15 என்று பார்க்கலாம்.

ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடி கண்ணைக் கெடுக்குமா?

கெடுக்காது. இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை, பிடி பொதுவான ஒன்று. அவ்வளவுதான் அதன் குறை. தூரப் பார்வை இரு கண்ணிலும் சரியாக உள்ளவருக்கு அது போதுமானது. 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு ஒன்றை நினைத்துக்கொள்வேன். அஸ்ஸாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு எளிய வாசிப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி கொடுக்கப்படாதவர்களை விட அவர்களின் பறிப்பு சுமார் 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. விலையுயர்ந்த லென்ஸ் எதுவும் இல்லை, சரியான பவர் மட்டும்.

ஆனால் கண் பரிசோதனைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் வரும். ரெடிமேட் கண்ணாடி விற்பவருக்கு அது தெரியாது.

கூலிங் கிளாஸ், நிறம் மாறும் லென்ஸ்?

கூலிங் கிளாஸின் கருமைக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் சம்பந்தம் இல்லை. யுவி400 என்ற புற ஊதாத் தடுப்புக் குறி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தடுப்பில்லாத கறுப்பு லென்ஸ் பாப்பாவை விரியச் செய்து, புற ஊதாவை உள்ளேயும் விடும்.

நிறம் மாறும் லென்ஸ் புற ஊதாவால் கறுக்கிறது. காரின் முன் கண்ணாடி புற ஊதாவைப் பெருமளவு தடுத்துவிடுவதால் வண்டிக்குள் அது சரியாகக் கறுக்காது. இன்னொன்று: வெப்பம் கூடினால் கறுப்பு குறையும். குளிர் ஊரில் நன்றாகக் கறுக்கும் லென்ஸ் மே மாத வேலூரில் அவ்வளவு கறுக்காது. லென்ஸ் கெட்டுப்போகவில்லை, அதன் வேதியியலே அப்படித்தான்.

போலரைஸ்டு லென்ஸ் நீர்ப்பரப்பு, ஈரச்சாலை, கார் பானட் ஆகியவற்றிலிருந்து வரும் கூச்சத்தை வெட்டும். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் நெடுஞ்சாலை ஓட்டுநர்களுக்கும் அருமையானது. அசலா என்று பார்க்க, செல்போன் திரையை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு சாய்வில் திரை இருண்டால் பெரும்பாலும் அசல்தான்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்கிறார்களே?

ஏறாது. பிள்ளைகளுக்கு வளரும் வயதில் கண்ணும் நீள்வதால் மைனஸ் ஏறுகிறது. கண்ணாடி போடாவிட்டாலும் ஏறும். மலேசியாவில் நடந்து 2002ல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு அது இன்னும் கொஞ்சம் வேகமாகவே ஏறியது. குழந்தைக்கு எழுதிய பவரைக் குறைத்துப் போடச் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள்.

எப்படித் துடைப்பது?

முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டித் தூசியைப் போக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் தேய்த்து, மறுபடி அலசி, மென்துணியால் ஒற்றி எடுங்கள். முந்தானையாலும் சட்டை நுனியாலும் வறண்ட லென்ஸைத் தேய்ப்பதுதான் கீறலுக்குப் பெரிய காரணம், தூசி மணல்தானே. வெந்நீர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு மேலிருக்கும் கோட்டிங் விரியாது, அதனால் சிலந்தி வலைபோல் விரிசல் விடும். அதைத் துடைத்துப் போக்க முடியாது.

புதுக் கண்ணாடியை வாங்கும்போது கடையிலேயே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண பவர்களில் 0.12 வரை விலகலைத் தரவிதிகள் ஏற்கின்றன. சீட்டோடு ஒப்பிட்டு ஆக்ஸிஸையும் பாருங்கள்.

கருவி இல்லாமலும் கொஞ்சம் சோதிக்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து அதன் வழியாக ஒரு கதவின் நிமிர்ந்த விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியைப் பக்கவாட்டில் அசைத்தால், மைனஸ் லென்ஸில் விளிம்பு கை போகும் திசையிலேயே போகும், ப்ளஸ் லென்ஸில் எதிர்த் திசையில் போகும். இனி கண்ணாடியைக் கடிகார முள்போல் சுழற்றுங்கள். விளிம்பு சாய்ந்து கத்தரிபோல் ஆடினால் அந்த லென்ஸில் சிலிண்டர் இருக்கிறது. சீட்டில் இடது கண்ணுக்குச் சிலிண்டர் இல்லையென்று எழுதியிருக்க, இடது லென்ஸில் விளிம்பு ஆடுகிறதென்றால் லென்ஸ்கள் இடம் மாறியிருக்கின்றன. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், இது நடக்கிறது.

டியூப்லைட்டின் பிரதிபலிப்பை லென்ஸ் மீது விழவிட்டு மெல்ல நகர்த்துங்கள். கோடு ஒழுங்காக வளைந்து வர வேண்டும், அலையலையாக நெளியக் கூடாது. நெளிந்தால் பரப்பு சரியாகத் தேய்க்கப்படவில்லை, அல்லது பிரேமுக்குள் லென்ஸை இறுக்கித் திணித்திருக்கிறார்கள். அப்புறம் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே வந்து, தெருவின் மறுமுனைப் பெயர்ப்பலகையை ஒவ்வொரு கண்ணாக மூடிப் படியுங்கள். தரை முதல் சில நாள் சாய்ந்ததுபோல் தெரியலாம், குறிப்பாகச் சிலிண்டர் மாறியிருந்தால். இரண்டு வாரம் கழித்தும் தலைவலி நின்றபாடில்லை என்றால் பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி, சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பவரோடு மையத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.